கிளைவ் என்பது ஊரா, ஆளா?

போன மாதம் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பதிவு கவுண்ட்டரில் 33 வருஷம் உட்கார்ந்து நோயாளிகளின் பெயர் எழுதியவள் நான் என்று சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்துவிட்டன. எல்லாம் பெயர்களைப் பற்றி, அதிலும் வெள்ளைக்காரர்களின் குடும்பப் பெயர்களைப் பற்றி. வடாற்காட்டுக்காரர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்புதான். நம் கோட்டையிலும் கல்லறைகளிலும் தெருப் பலகைகளிலும் அந்தப் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. வந்தவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: நான் ஆற்காட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். பள்ளியில் எங்களைப் பழைய கோட்டை வாசலான டெல்லி கேட் பார்க்கக் கூட்டிப் போனார்கள். ராபர்ட் கிளைவ் என்பதில் ராபர்ட்தான் அவர் பெயர், கிளைவ் என்பது குடும்பப் பெயர் என்று டீச்சர் சொன்னார். நம் பெயர்களுக்கு இருப்பது மாதிரி கிளைவ் என்பதற்கும் அர்த்தம் உண்டா அம்மா?
(ஒரு மாணவி, ஆற்காடு)

பதில்: உண்டு கண்ணு. சரிவு என்று அர்த்தம். குன்றோ மேடோ ஆற்றங்கரையோ சடாரென்று இறங்குகிற இடத்துக்குப் பழைய ஆங்கிலத்தில் 'கிளிஃப்' என்று பெயர். இன்றைக்குச் செங்குத்துப் பாறையைக் குறிக்கிற ஆங்கிலச் சொல்லும் அதேதான். 'சரிவில்' என்று வேற்றுமையோடு சொல்லும்போது அந்தச் சொல்லின் கடைசியில் ஓர் உயிரெழுத்து வந்து ஒட்டும். இரண்டு உயிருக்கு நடுவில் வந்த ஃப், வ் ஆக ஒலிக்கும். உனக்கு இது புதிதில்லை. 'பட்டு' என்று சொல்லிப் பார், 'படு' என்று சொல்லிப் பார். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. ஆங்கிலத்தில் 'வைஃப்' பன்மையில் 'வைவ்ஸ்' ஆவதும் 'நைஃப்' 'நைவ்ஸ்' ஆவதும் இந்தக் கணக்குத்தான். அதே வழியில் கிளிஃபிலிருந்து கிளைவ் வந்தது.

முதலில் அது ஊர்ப் பெயர். இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்தில் கிளைவ் என்று இரண்டு ஊர் உண்டு. ஒன்று செஷயரில். இன்னொன்று ஷ்ராப்ஷயரில், ஷ்ரூஸ்பெரி நகருக்கு வடக்கே, கிரின்ஷில் என்கிற மணற்கல் குன்றை ஒட்டி இருக்கிறது. ராபர்ட்டின் முன்னோருக்குப் பெயர் கொடுத்தது செஷயர் ஊர் என்று வம்ச வரலாறுகள் சொல்கின்றன. பிறகு கல்யாண உறவில் ஷ்ராப்ஷயரில் ஸ்டைச் என்ற பண்ணை வந்து சேர்ந்தது. அங்கேதான் 1725 செப்டம்பர் 29ஆம் தேதி, 13 பிள்ளைகளில் மூத்தவராக, ராபர்ட் பிறந்தார்.

ஊர்ப் பெயர் எப்படி ஆள் பெயராயிற்று என்று அடுத்து கேட்பாய். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிக்கும் வரைக்கும் பெரும்பாலோருக்கு ஒரே பெயர்தான். அப்புறம் ஒரே ஊரில் நாலு ஜான், ஐந்து வில்லியம் என்று ஆனதும் வரிக் கணக்கு எழுதுகிறவனுக்கு அடையாளம் வேண்டியிருந்தது. எந்த ஜான்? சரிவுக்காரர் ஜான். அடையாளமாக ஒட்டியது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு இறங்கத் தொடங்கியது. 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களுக்கு அப்படி ஒரு பெயர் நிலைத்துவிட்டது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர்தான் சொல்லிக்கொடுத்தார். எங்கள் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள் அதை யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். நம்மவர்கள்தான் திகைப்பார்கள். அந்தப் பெரியவர் துண்டை மடியில் போட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "அதுல என்னம்மா எழுதணும்? ஊர் பேரா, அப்பா பேரா, நான் செய்ற வேலையா, இல்ல ஊர்ல என்னைக் கூப்பிடற பட்டப் பேரா?" பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்கள் மொத்தமும் இந்த நாலு வழியில் வந்தவைதான். ஊர், அப்பா, தொழில், பட்டப் பெயர். பள்ளிக்கூடப் பக்கமே போகாத மனிதர் ஒரே மூச்சில் வகுத்துவிட்டார்.

நமக்கும் அந்த ஊர் அடையாளம் இருக்கிறது, இடம்தான் வேறு. அவர்கள் பின்னால் வைத்ததை நாம் முன்னால் இனிஷியலாக வைத்தோம். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார், அவரோடு இரட்டையராகப் பிறந்த ஏ. ராமசாமி முதலியார், இரண்டு பேருக்கும் முன்னால் நிற்கிற ஏ உன் ஊர்தான், ஆற்காடு.

ராபர்ட் கிளைவ் 1744இல் சென்னைக்கு வந்தபோது 18 வயது. கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தர் வேலை, வருஷத்துக்கு 5 பவுன் சம்பளம். எழுதப் பிடிக்காமல் பட்டாளத்துக்குப் போனார். ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு அப்போது இரண்டு பேர் போட்டி, சந்தா சாகிப்பும் கம்பெனி ஆதரித்த முகமது அலியும். 1751இல் சந்தா சாகிப் திருச்சியில் முகமது அலியை வளைத்துக்கொண்டிருந்த சமயம் பார்த்து, 200 வெள்ளைக்காரர்களோடும் 300 சிப்பாய்களோடும் வந்து, ஆள் இல்லாத ஆற்காட்டுக் கோட்டைக்குள் நுழைந்தார். சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப் வந்து சூழ்ந்துகொண்டார். 50 நாள் முற்றுகை. அரிசி தீர்ந்துகொண்டே வந்தபோது சிப்பாய்கள் கிளைவிடம் போய், "சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும்" என்று சொன்னதாக ஆங்கில வரலாற்றாசிரியர் மெக்காலே 1840இல் எழுதிய கட்டுரையில் வருகிறது.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது என் அப்பா ராணிப்பேட்டையிலிருந்து சைக்கிள் கேரியரில் என்னை உட்கார வைத்து, பாலாற்றுப் பாலம் தாண்டி, டெல்லி கேட்டுக்குக் கூட்டிப் போனார். சாயங்காலம். வெயில் இறங்கிவிட்டது, செங்கல் மட்டும் சுட்டுக்கொண்டிருந்தது. "கையை வச்சுப் பாரு" என்றார். உள்ளங்கையில் சுண்ணாம்புப் பொடி ஒட்டியது. மேலே இருக்கிற அறையைக் காட்டி, "அது கிளைவோட ரூம்னு சொல்றாங்க" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "கஞ்சி குடிச்சவன் பேரு எங்கயும் இல்ல பாரு" என்றார். மெக்காலே கட்டுரையைப் பல வருஷம் கழித்து நானே படித்தேன். அப்பா சொன்னது சரி. அந்தச் சிப்பாய்களில் ஒருவர் பெயர்கூட அதில் கிடையாது. அவர்களும் நம் பக்கத்து ஜனங்களாக இருந்திருப்பார்கள். கஞ்சியைப் பற்றி அப்படிப் பேசத் தெரிந்தவர்கள் வேறு யார்?

முற்றுகை முடிந்ததும் முகமது அலி, கிளைவுக்கு 'சாபித் ஜங்' என்று பட்டம் கொடுத்தார். போரில் அசையாமல் நிற்பவர் என்று பொருள். 1757இல் வங்காளத்தில் பிளாசி என்ற ஊரில் நடந்த போரில் வென்ற பிறகு கிளைவ் தன் பிரபுப் பட்டத்திலேயே பிளாசியைச் சேர்த்துக்கொண்டார். அயர்லாந்தில் லிமெரிக் பக்கம் வாங்கிய நிலத்துக்கும் பிளாசி என்றே பெயர் வைத்தார். பிளாசி என்பது பலாச மரத்தால் வந்த பெயர். தமிழில் புரசு. சென்னையில் புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம். வங்காளத்தில் அவர் சேர்த்த செல்வம் பற்றி லண்டன் பாராளுமன்றமே விசாரித்தது. 1774 நவம்பரில் இறந்தார். ஸ்டைச்சுக்குப் பக்கத்தில் மோர்ட்டன் சே என்ற சிற்றூர் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள், கல்லறைக்கு அடையாளம்கூட வைக்காமல்.

அவருடைய மகன் எட்வர்ட் கிளைவை நம் ஜனங்கள் மறந்துவிட்டார்கள். மறக்கக் கூடாத பெயர். 1798 முதல் 1803 வரை சென்னைக் கவர்னர். 1799இல் கட்டபொம்மனையும் 1801இல் மருது சகோதரர்களையும் தூக்கிலிட்டது இவர் கவர்னராக இருந்த காலத்தில்தான். அதே 1801 ஜூலையில் ஆற்காட்டு நவாபிடமிருந்து அவர் ஆண்ட கர்நாடக நாட்டு (இன்றைய கர்நாடக மாநிலம் இல்லை) நிர்வாகம் முழுவதையும் கம்பெனி வாங்கிக்கொண்ட ஒப்பந்தமும் இவர் காலத்தது. அதிலிருந்துதான் வடாற்காடு மாவட்டம் என்று ஒன்று உண்டாயிற்று. அப்பா 1751இல் கோட்டையைப் பிடித்தார், சரியாக 50 வருஷத்தில் மகன் நாட்டையே எடுத்துக்கொண்டார். சென்னையில் இன்று ராஜாஜி மண்டபம் என்கிறோமே, அதுவும் இந்த எட்வர்ட் கட்டியது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனி. எட்வர்டின் மனைவி ஹென்ரியட்டா, ஹெர்பர்ட் குடும்பத்துப் பெண். அந்தக் குடும்பத்துச் சொத்து வர வேண்டும் என்றால் பெயரும் மாற வேண்டும் என்பதால் மூத்த மகன் 1807இல் கிளைவை விட்டுவிட்டு ஹெர்பர்ட் ஆகிவிட்டார். இளைய மகன் கிளைவாகவே இருந்து, விண்ட்சர் குடும்பத்தில் பெண் எடுத்தார். அந்த வழியினர் விண்ட்சர்-கிளைவ் ஆனார்கள். வேல்ஸில் கடலோரமாகப் பெனார்த் என்ற ஊர் வளர்ந்தது அவர்கள் நிலத்தில்தான். அங்கே ஒரு பிளாசி தெரு இருக்கிறது. கூடவே ஆற்காடு தெருவும் இருக்கிறது. சரிவு என்ற பெயர் உன் ஊருக்கு வந்தது, உன் ஊர்ப் பெயர் அவர்கள் கடற்கரைக்குப் போய்விட்டது. உன் டீச்சரிடம் இதைச் சொல், வரைபடத்தில் தேடிப் பார்க்கச் சொல்.

கிளைவ்களில் எனக்குப் பிடித்த இரண்டு பேர் படைவீரர்கள் இல்லை. ஒருவர் கிட்டி கிளைவ், 1711இல் பிறந்த நாடக நடிகை. பிறந்த வீட்டுப் பெயர் ராஃப்டர். ஜார்ஜ் கிளைவ் என்ற வழக்கறிஞரை மணந்து சீக்கிரமே பிரிந்துவிட்டார், பெயரை மட்டும் விடவில்லை. லண்டன் ட்ரூரி லேன் மேடையில் பல ஆண்டுகள் அந்தப் பெயரோடு கொடிகட்டிப் பறந்தார். இசையமைப்பாளர் ஹேண்டல் தன் சாம்சன் இசைப் படைப்பில் தலிலா பாத்திரத்தை 1743இல் இவரைத்தான் பாட வைத்தார். இன்னொருவர் ஜான் கிளைவ், ஹார்வர்டில் வரலாற்றுப் பேராசிரியர். 1924இல் பெர்லினில் பிறந்தபோது அவர் ஹான்ஸ் லியோ கிளைஃப். பிறகுதான் ஜான் கிளைவ் ஆனார். கிளைவைப் பற்றி மெக்காலே எழுதினார் அல்லவா? அந்த மெக்காலேயின் வாழ்க்கையை எழுதி 1970களில் பெரிய விருது வாங்கியவர் இந்தக் கிளைவ். ரத்த உறவு எதுவும் இல்லாமல் ஒரு பெயர் இப்படிச் சுற்றிக்கொண்டு வந்து சேர்வதைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

கேள்வி: நாங்கள் பரம்பரையாகத் தறி நெய்கிறவர்கள். இங்கிலீஷ்காரர்களில் நெசவாளிக்குத் தனிப் பெயர் உண்டா?
(ஒரு நெசவாளர், குடியாத்தம்)

பதில்: நிறைய உண்டு ஐயா. வெப், வீவர், வெப்ஸ்டர் மூன்றுக்கும் நெசவாளர் என்றுதான் அர்த்தம். வெப்ஸ்டரில் வருகிற 'ஸ்டர்' முதலில் பெண்களைக் குறித்த விகுதி. அதாவது தறியில் உட்கார்ந்த ஒரு பெண்ணின் தொழில் குடும்பப் பெயராகிவிட்டது. 1828இல் அமெரிக்காவின் பெரிய ஆங்கில அகராதியைக் கொண்டுவந்த நோவா வெப்ஸ்டர் அந்தப் பெயர்க்காரர். இங்கிலீஷ் கால்வாயை 1875இல் முதன்முதலாக நீந்திக் கடந்த கேப்டன் மாத்யூ வெப்பும் உங்கள் தொழில் பெயர்க்காரர்தான்.

நெசவோடு நிற்கவில்லை. ஆட்டு ரோமத் துணி தறியிலிருந்து இறங்கியதும் அதைத் தண்ணீரில் போட்டு மணிக்கணக்கில் காலால் மிதிக்க வேண்டும். அப்போதுதான் இழை நெருங்கும். அப்படி மிதிக்கிறவர் வாக்கர், அதாவது நடக்கிறவர். வேறு வட்டாரத்தில் அவரே ஃபுல்லர், இன்னொரு வட்டாரத்தில் டக்கர். நீங்கள் பாவுக்குக் கஞ்சி போட்டுத் தெருவில் நீட்டிக் கட்டுகிற மாதிரி, அவர்களுக்கு அது ஒரு தனி வேலை, தனி ஆள். சாயம் போடுகிறவர் டயர். ஜாலியன்வாலா பாக்கில் 1919இல் சுடச் சொன்ன தளபதியின் பெயர் அதுதான். சாயத் தொழிலாளி எவருக்கும் அந்தக் கறையில் பங்கில்லை, ஆனாலும் அந்தப் பெயரை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது.

ஆம்பூர், வாணியம்பாடி ஆட்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். தோல் பதனிடுகிறவர் டானர். மரப்பட்டையை உரித்து, அதைக்கொண்டு தோலைப் பதப்படுத்துகிறவர் பார்க்கர், ஆங்கிலத்தில் மரப்பட்டைக்கு 'பார்க்' என்று பெயர். நம் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டை போட்ட காலம் உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அங்கே ஓக் மரத்துப் பட்டை. வேலை ஒன்று, வாசனையும் அநேகமாக ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

கேள்வி: கிரிக்கெட் வீரர் கிளைவ் லாயிட், ராபர்ட் கிளைவின் வம்சமா? நண்பர்களுக்குள் பந்தயம்.
(காட்பாடியிலிருந்து ஒருவர்)

பதில்: இல்லை. பந்தயத்தில் 'இல்லை' என்றவருக்கே வெற்றி. லாயிட்டுக்குக் கிளைவ் என்பது முதற்பெயர், குடும்பப் பெயர் லாயிட். 1944இல் கயானாவின் ஜார்ஜ்டவுனில் பிறந்தவர்.

ஆங்கிலத்தில் இப்படிப் பின்பெயர் முன்னால் வருவது உண்டு. புகழ்பெற்றவர்களின் குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். கல்கத்தாவில் பிறந்த நாவலாசிரியர் தாக்கரே, 1853 முதல் 1855 வரை தொடராக எழுதிய 'தி நியூகம்ஸ்' நாவலில் கதாநாயகனுக்குக் கிளைவ் என்று பெயர் வைத்தார். அவனுடைய அப்பா இந்தியாவில் வேலை பார்த்த கர்னல். அதன் பிறகு கிளைவ் என்ற முதற்பெயர் பரவலாயிற்று. எழுத்தாளர் சி. எஸ். லூயிஸில் வருகிற சி கூட கிளைவ்தான். அவருக்கு அது பிடிக்காமல், சின்ன வயதிலேயே தன்னை ஜாக் என்று கூப்பிடச் சொல்லிவிட்டார். 1991இல் தென்னாப்பிரிக்கா மறுபடியும் சர்வதேச கிரிக்கெட்டுக்கு வந்து கொல்கத்தா ஈடன் கார்டனில் ஆடியபோது தலைவர் கிளைவ் ரைஸ். அரக்கோணம், ஜோலார்பேட்டை ரயில்வே காலனிப் பக்கமிருந்து எங்கள் கவுண்ட்டருக்கு வந்த ஆங்கிலோ-இந்தியர்களிலும் நானே இரண்டு மூன்று கிளைவ் எழுதியிருக்கிறேன்.

லாயிட் என்பது வேல்ஸ் மொழிப் பெயர். நரை, சாம்பல் நிறம் என்று பொருள். நரைத்த முடிக்காரரை அப்படிக் கூப்பிட்டிருப்பார்கள். அணைக்கட்டுப் பெரியவர் சொன்ன பட்டப் பெயர் வகை. 1975இல் லார்ட்ஸில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் 102 அடித்த அந்த உயரமான கண்ணாடிக்காரரை 1983இல் நம் பையன்கள் அதே மைதானத்தில் வீழ்த்தினார்கள். அன்று ராத்திரி எங்கள் தெருவில் ரேடியோ இருந்த ஒரே வீட்டுத் திண்ணையில் நான் இருந்தேன். கபில்தேவ் கோப்பையை வாங்கியபோதும் எனக்கு லாயிட்டின் மேல்தான் மரியாதை கூடியது.

கிளிஃப் என்ற வேரிலிருந்து வந்த பெயர்கள் இன்னும் உண்டு. கிளிஃபர்ட், கிளிஃப்டன், கிளீவ், கிளீவ்லாண்ட், சட்கிளிஃப். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் 1947இல் கோடு போட்ட சிரில் ராட்கிளிஃபின் பெயரும் அதுதான். செஞ்சரிவு, சிவந்த பாறை என்று பொருள். அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் அட்லியின் பெயருக்கு, காடு வெட்டிய வெளியில் இருப்பவர் என்று பொருள். பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் 1940இல் லக்னோவில் ஹாரி வெப்பாகப் பிறந்தவர். குடியாத்தத்துக்காரரே, நெசவுப் பெயரை விட்டுவிட்டுப் பாறைப் பெயருக்குப் போனவர் அவர்.

கேள்வி: வேலூர்ப் புரட்சியை அடக்கிய கில்லஸ்பி ஆங்கிலேயர்தானே?
(சத்துவாச்சாரி வாசகர்)

பதில்: பெயர் ஆங்கிலமே இல்லை. ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பக்கத்துக் கேலிக் மொழியில் 'கில்லே எஸ்பிக்', பிஷப்பின் பணியாள் என்று அர்த்தம். ரோலோ கில்லஸ்பி அயர்லாந்தில் காம்பர் என்ற ஊர்க்காரர். 1806 ஜூலை 10 விடிகாலையில் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த சேதி கிடைத்ததும் ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு 16 மைல் விரைந்து வந்தார். மதிலில் கயிறு கட்டி அவரை மேலே இழுத்தார்கள். அதற்குப் பிறகு கோட்டைக்குள் நடந்த கொலை வேலூருக்குத் தெரியும், விரித்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 1814இல் டேராடூன் பக்கம் நாலாபானிக் கோட்டையைத் தாக்கும்போது அவரே சுடப்பட்டு இறந்தார். அதே பெயரில் ஜாஸ் இசைக் கலைஞர் டிஸ்ஸி கில்லஸ்பியும் ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் ஜேசன் கில்லஸ்பியும் உண்டு.

அதைவிட நீங்கள் கவனிக்க வேண்டிய பெயர் இன்னொன்று. நெற்றிக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை வழிக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகை கட்ட வேண்டும் என்ற உத்தரவுதான் அந்த நெருப்பை மூட்டியது. உத்தரவு போட்ட தலைமைத் தளபதி ஜான் க்ரடாக். க்ரடாக் என்பது கரடாக் என்ற பழைய வேல்ஸ் அரசப் பெயரின் ஆங்கில உருவம். 1820இல் அவர் தன் பெயரை மறுபடியும் கரடாக் என்றே மாற்றி வைத்துக்கொண்டார். பாட்டன் பூட்டன் அடையாளம் தனக்கு அவ்வளவு முக்கியமாக இருந்திருக்கிறது. அதே மனிதர்தான் 14 வருஷத்துக்கு முன்னால் இன்னொருவர் நெற்றியிலிருந்ததை அழிக்கச் சொன்னார். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஆற்காட்டு மாணவிக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. அந்தப் புரட்சியின்போது வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்தது திப்பு சுல்தானின் குடும்பம். திப்பு என்ற பெயரே ஆற்காட்டில் அடங்கிய திப்பு மஸ்தான் அவுலியாவின் நினைவாக வைத்தது. தர்கா உன் ஊரில்தான் இருக்கிறது கண்ணு, ஒருமுறை போய்ப் பார்.

கேள்வி: என் மகள் மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறாள். பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் எதை எழுதுவது? எங்களுக்கு இனிஷியல்தான் இருக்கிறது.
(ஒரு தாய், ஆம்பூர்)

பதில்: பாஸ்போர்ட்டில் இனிஷியலை எழுத்தாக ஏற்க மாட்டார்கள் அம்மா, விரித்து எழுத வேண்டும். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட அனுமதி உண்டு. ஆனால் விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுகளுக்குச் சுற்றுலா விசாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. போகிற வழியில் எங்கே சிக்கல் வரும் என்று நமக்குத் தெரியாது. அப்பா பெயரை விரித்து சர்நேமாக எழுதுவதுதான் நம் பக்கத்தில் வழக்கம். எதை எழுதினாலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், பான், கல்லூரி விண்ணப்பம் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து அதுவே இருக்கட்டும். 'எஸ்' பக்கத்தில் 'ஹெச்' கூடியதா குறைந்ததா என்பதற்காக ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாள் முழுக்க அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். மகளிடம் இன்னொன்றும் சொல்லி வையுங்கள். அங்கே வகுப்பிலும் வங்கியிலும் அவளை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பழகிக்கொள்ள வேண்டும்.

என் பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான், சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர். ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் மகளைப் பார்க்க முதல்முறையாக விமானம் ஏறினேன். நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாற வேண்டும். எந்த வாசல் என்று தெரியாமல் ஒரு நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கியில் யார் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அப்பாவின் பெயர். தப்பும் தவறுமான உச்சரிப்பு, ஆனால் அவர் பெயர்தான். அவர் போய் அப்போது 19 வருஷம் ஆகியிருந்தது. என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று உறைக்கவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு எங்கேயோ பக்கத்தில் நிற்கிறார் என்கிற மாதிரி, எழுந்து சுற்றும் முற்றும் பார்த்தேன்.